மாஸ்டர் வைத்த மிச்சம்

எங்கள் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை கட்டிங் போடுகிறோம் என்று யார் கேட்டாலும் கூச்சமில்லாமல் சொல்வேன். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் முப்பது, நாற்பதுகூடப் போகும். இது தையல் கடை. இங்கே கட்டிங் என்றால் துணி வெட்டுவது. ஒரு பாட்டிலை இரண்டு பேர் பங்கு போட்டுக் குடிப்பதற்கும் அதே பெயர்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த நினைப்பு எங்கே வரும்?

அந்த ஒரு வார்த்தையால் என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. வார்த்தைக் குழப்பம் தீர்ந்து எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, நிஜமாகவே நின்றது. நிறுத்தியவள் நான்தான்.

கடையில் நாங்கள் மூன்று பேர். வாசல் பக்கம் என் மிஷின். நடுவில் மாஸ்டரின் வெட்டுமேசை. கடைசியில் ஜன்னலோரம் சின்னவளின் ஸ்டூல். மாஸ்டர் வெட்டிக் கொடுப்பார், நான் தைப்பேன், காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஓரம் மடித்து முடிப்பது சின்னவள். சின்னவள் என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம், முப்பத்தைந்து முடியப் போகிறது. எனக்குச் சின்னவள், அதனால் ஊருக்கே சின்னவள். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்காக முன்பு ஒரு நல்ல பதில் வைத்திருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை, பதிலும் மறந்துவிட்டது.

மாஸ்டர் எங்களிடம் வந்து ஏழு வருஷம் ஆகிறது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாயில்தான் ஒரு குறை. பொய் வராது. அளவு கொடுக்க வந்த அம்மா ஒருத்தி, "போன தடவைக்கு இப்ப இடுப்பு ஏறியிருக்கா மாஸ்டர்?" என்று ஆசையாகக் கேட்டால், "ஏறியிருக்குங்க, நல்லாவே ஏறியிருக்கு" என்பார். அந்த அம்மா அடுத்த தடவை வேறு கடைக்குப் போவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை மிதிப்பேன்.

முன்பெல்லாம் வெட்டின துணியை மேசையிலிருந்தே என் பக்கம் தூக்கிப் போடுவார், தைத்து முடித்ததை நான் சின்னவள் பக்கம் தூக்கிப் போடுவேன். கொஞ்ச நாளாக, நான் தைத்து முடித்ததும் மாஸ்டர் எழுந்து வந்து, "குடுங்கக்கா, நான் குடுத்துடறேன்" என்று வாங்கி, மடித்து, சின்னவள் கையில் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். சின்னவளும், என்னிடம் கேட்டால் தீர்ந்துவிடுகிற சந்தேகத்தையெல்லாம் அவரிடம் போய்க் கேட்டாள். ஒரு பட்டனை எங்கே வைப்பது என்று காஜா எடுத்தவளுக்குத் தெரியாதா? எனக்குக் கண் இல்லையா என்ன? ஒருநாள் நேராகவே கேட்டேன். சின்னவள் ஊசியில் நூல் கோர்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். ஊசியில் நூல் ஏற்கெனவே இருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான். அதற்கு முன் வந்த மூன்று வரன்களையும் அவளே வேண்டாம் என்றவள். இந்த ஒருவரைத்தான் அவளாக விரும்பினாள்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்று வந்தால் கேட்க ஒரே ஒரு கேள்விதான். நிறம், படிப்பு, சொத்து எதுவும் வேண்டாம். குடிக்கக் கூடாது. அதற்குக் காரணம் எங்கள் அப்பா.

அப்பாவும் தையல்காரர்தான். நல்ல கை என்று காலையில் வந்த வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். சாயங்காலம் வந்தவர்கள் சொன்னதை எழுத முடியாது. பாட்டில் காலியான பிறகும் அதைக் கிளாஸ் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு சொட்டு விழும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு விழும். சின்னவளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவாள். அவள் எண்ணக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். "என் பொண்ணு கணக்குல புலி" என்று அப்பா சிரிப்பார். சொட்டு நின்றதும் பாட்டிலுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தக் கழுவின தண்ணீரையும் குடிப்பார். அம்மா கிளாஸ் மேல் கையை வைத்து, "போதும்" என்பாள். அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குடிப்பார். "நாளையிலேருந்து தொட மாட்டேன்" என்று என் தலையில் அடித்து அவர் சத்தியம் செய்ததில் என் முடி கொட்டியதுதான் மிச்சம். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவருக்குப் பின்னாலேயே அம்மாவும் போய்விட்டாள்.

பெரியவர் என்று எங்களுக்கு இருப்பவர் மாமா, அம்மாவின் தம்பி. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இருந்த காலத்தில் எங்கள் வாசலில் நின்று, "குடி குடியைக் கெடுக்கும்" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனவர். வரும்போதெல்லாம் பையிலிருந்து பச்சைக் காகிதம் சுற்றின பெப்பர்மிண்ட் எடுத்து எங்களுக்குத் தருவார், தானும் ஒன்று வாயில் போட்டுக்கொள்வார். மாமாவுக்குப் பெப்பர்மிண்ட் என்றால் உயிர் என்று வீட்டில் பேசிக்கொள்வோம்.

விசாரிக்கிற பொறுப்பை மாமாவிடம் கொடுத்தேன். ஏழு வருஷமாகத் தெரிந்த ஆளை என்ன விசாரிப்பது? ஆனாலும் பெரியவர் ஒருவர் விசாரித்தார் என்றால் கல்யாணத்துக்கு ஒரு மரியாதை. மாமா இரண்டு நாள் தெருவைச் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மாஸ்டர் நூல் வாங்க வெளியே போயிருந்தார்.

"இந்த இடம் வேண்டாம்மா" என்றார்.

"ஏன் மாமா?"

"எதிர்த்த சலவைக்கடைக்காரர்கிட்ட கேட்டேன், ஆள் எப்படின்னு. காலையில வந்ததும் வராததுமா கட்டிங் போட ஆரம்பிச்சா, சாயங்காலம் வரைக்கும் தலை நிமிர மாட்டாராம். சீசன்ல முப்பதுக்குக் குறையாம போடுவாராம்."

நான் மிஷினை நிறுத்தினேன்.

"அதையும் பெருமையா வேற சொல்றார் அந்த மனுஷன். இவரை மாதிரி கட்டிங் போட இந்தத் தெருவுல ஆளே இல்லையாம். உங்க பொண்ணுகூட பக்கத்துல நின்னு நாலு தடவை கத்துக்கிட்டுப் போட்டுப் பாத்துச்சுங்கறார். அதுக்கு மேல நின்னு கேக்காம நேரா இங்க வந்துட்டேன்."

சின்னவள் வாயிலிருந்த பட்டனைத் துப்பிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன். மாமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்கள் இரண்டும் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டன என்றே முடிவு கட்டியிருப்பார். நான் எழுந்துபோய் வெட்டுமேசைமேல் கிடந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இதுதான் மாமா கட்டிங். துணி."

மாமா கத்தரிக்கோலைத் திருப்பிப் பார்த்தார். "துணியா?" என்றார். "நானும் என்னடா முப்பதாச்சேன்னு பாத்தேன். முப்பது தாங்காதே."

எத்தனை தாங்கும் என்று தலைமை ஆசிரியருக்கு எப்படித் தெரியும் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். சிரிப்பில் விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் நூல்கண்டுகளோடு உள்ளே வந்தார். மாமாவுக்கு நிம்மதி, கொஞ்சம் வெட்கம். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா முறைக்குக் கேக்கறேன். பழக்கம் எதுவும் இல்லையே?" என்றார்.

கல்யாணப் பேச்சில் பழக்கம் என்றால் என்ன பழக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் பல் தேய்க்கிற பழக்கத்தைக் கேட்பதில்லை. மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"யாரு, மாஸ்டரா? அவருக்கு அது வாசனைகூடத் தெரியாது மாமா. ஏழு வருஷமா பாக்கறேன். நான் கியாரண்டி."

மாஸ்டர் நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினார். வெள்ளையை வெள்ளையோடும் நீலத்தை நீலத்தோடும் வைத்தார். பிறகு, "இல்லக்கா. எப்பவாவது குடிப்பேன்" என்றார்.

குண்டூசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, எங்கள் கடையில் நிஜமாகவே சின்னவள் மடியிலிருந்து ஒன்று விழுந்தது, கேட்டது.

"எப்பவாவதுன்னா?" என்றார் மாமா.

"மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை. ஒரு பீர். கூடப் படிச்சவன் ஒருத்தன் இருக்கான், அவன்கூட உக்காந்து பேசிட்டு வருவேன்."

"உங்களை இப்ப யார் கேட்டாங்க?" என்றேன் நான். எனக்குக் குரல் ஏறிவிட்டது.

"நீங்க கியாரண்டி குடுத்துட்டீங்களேக்கா. அப்புறம் உங்க பேச்சு பொய்யாயிடுமேன்னுதான்."

மாமாவுக்கு அவர் குடிப்பதைவிடச் சொன்னதுதான் தாங்கவில்லை. "தம்பி, கேக்கற முறைன்னு ஒண்ணு இருக்கு, சொல்ற முறைன்னு ஒண்ணு இருக்கு. பழக்கம் இல்லைன்னு சொல்லிட்டா யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"பழக்கம் இல்லைங்க. குடிக்கறது உண்டு, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "சரி, இனிமே தொட மாட்டேன்னு சொல்லுங்க. இதோ இவ முன்னாடி சொல்லுங்க."

மாஸ்டர் சின்னவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "சொல்லலாங்க்கா. சொன்னா நீங்க நம்புவீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தலையில் விழுந்த சத்தியங்களை நான் எத்தனை நம்பினேன் என்பது எனக்கல்லவா தெரியும்? "இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தேன். நூல் அறுந்தது, திரும்பக் கோர்த்தேன், திரும்பவும் அறுந்தது.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னவள், "சரிக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மாஸ்டர் வழக்கம்போல வந்தார், வெட்டினார், போனார். தைத்த துணியை வாங்க எழுந்து வருவதில்லை. சின்னவளும் சந்தேகம் கேட்பதை விட்டுவிட்டாள். காஜா எடுக்கும்போது தனக்குள் ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பாள், அதுவும் போயிற்று. ஜன்னல் பக்கம் பார்த்தால் குனிந்த தலை மட்டும் தெரியும். அந்த வாரம் அவள் எடுத்த காஜாவில் ஒரு பிசிறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் பாத்திரம் கழுவும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

"அக்கா, குடிக்கிறவங்களை நீ எத்தனை பேரைப் பாத்திருக்க?"

"ஏன், தெருவுக்குத் தெரு விழுந்து கிடக்கறானுங்களே."

"அது குடிச்சு முடிச்சப்புறம். பக்கத்துல உக்காந்து, ஒருத்தர் குடிக்கிறதை ஆரம்பத்துலேருந்து பாத்திருக்கியா?"

"அப்பாவை."

"அவரை மட்டும்தான். குடிக்காதவன்னு ஒருத்தன், குடிகாரன்னு ஒருத்தன். உனக்கு ரெண்டே பேர்தான். நடுவுல இருக்கறவங்களுக்கு என்ன பேரு?"

"நடுவுல யாரும் கிடையாதுடி. நடுவுல நிக்கறவன்லாம் அந்தப் பக்கம் போயிட்டிருக்கறவன்."

"அப்ப ஒரு தடவை போய்ப் பாரு" என்றாள். "உன் கண்ணால பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பாருக்குப் போய்ப் பாருங்கறியா? நானா?"

"ஆமா, பாருக்குத்தான்" என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் உதடு கொஞ்சம் சிரிக்கப் பார்த்தது. அதற்காகவே ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் மாஸ்டரிடம், "நீங்க எப்பவும் எப்படிக் குடிப்பீங்களோ அப்படியே குடிக்கணும், நான் பாக்கணும்" என்றேன். கால்சட்டைத் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தவர், கோட்டை முடித்துவிட்டு, "வாங்கக்கா" என்றார். துணைக்கு மாமாவைக் கூப்பிட்டேன். மாமா குதியாகக் குதித்தார்.

"என்னம்மா இது, நாலு பேர் பாத்தா என்ன ஆகும்? அந்த மாதிரி இடமெல்லாம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

சாயங்காலம், ஆபீஸ் விடுகிற நேரத்தில் கிளம்பினோம். மாஸ்டர் முன்னாலேயே போய்விட்டார். நான் தெருப் பெயரைச் சொல்வதற்குள் மாமா சரியாக வலது பக்கம் திரும்பினார். பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு சந்து உண்டு, அதில் போனால் கிட்ட என்றும் அவரே சொன்னார்.

உள்ளே நான் நினைத்த மாதிரி சிவப்பு விளக்கும் கிடையாது, கூச்சலும் கிடையாது. ஏதோ ஆபீஸ் கேண்டீன் போல இருந்தது. சத்தமில்லாமல் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் ஒருவருடைய பல்வலியைப் பற்றி விசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த வாசனை மட்டும் அதே வாசனை. கதவைத் திறந்ததும் என்னைப் பாவாடை கட்டின பெண்ணாக்கி அப்பா முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். சின்னவளின் குனிந்த தலை நினைவுக்கு வந்தது, உள்ளே போனேன்.

வெயிட்டர் ஓடி வந்தார். "வாங்க சார், வாங்க. மூலை டேபிள் காலியாத்தான் வெச்சிருக்கேன்" என்றார், மாமாவைப் பார்த்து.

மாமாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினது போல ஆகிவிட்டது. "யாரு... என்னையா? நீங்க வேற யாரையோ..."

வெயிட்டர் என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்த ஆள். "ஆமாங்க, வேற சார். ஜாடை அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூலை மேசைக்கே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மாஸ்டர் அங்கே எழுந்து நின்றார். எனக்கும் மாமாவுக்கும் எலுமிச்சை சோடா, மாஸ்டருக்கு ஒரு பீர் என்று சொன்னோம். வந்தபோது சோடாவோடு, நாங்கள் கேட்காத ஒரு சின்னத் தட்டும் வந்தது. அதில் பச்சைக் காகிதம் சுற்றின பெப்பர்மிண்ட். வெயிட்டர் அதை வழக்கப்படி மாமாவின் வலது கைப் பக்கம் வைத்தார்.

மாமா சுவரைப் பார்த்தார். நான் பெப்பர்மிண்டைப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து எத்தனை தின்றிருப்போம். கோபம் வந்திருக்க வேண்டும், எனக்கு என்னமோ பாவமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. மனுஷன் இத்தனை வருஷமாக ஒரு பெப்பர்மிண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்.

மாஸ்டர் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். நான் பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார் மாதிரி கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் குடித்தார். அவருக்கே கூச்சம், கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கடலையை நகர்த்தினார். அப்புறம் வெயிட்டர் திரும்பி நடந்ததைப் பார்த்து, "அக்கா, அந்தக் கோட்டைப் பாருங்க, இடது தோள் இறங்கியிருக்கு" என்றார்.

நானும் பார்த்தேன். "தோள்ல தப்பில்ல மாஸ்டர். கைத்துணியை ஏத்தித் தெச்சவன் தப்பு. முன்னாடி தள்ளி ஏத்திட்டான்."

"வெட்டுனதே தப்புக்கா. கைக்குழி ஆழம் போயிடுச்சு."

"வெட்டு சரியாத்தான் இருக்கு. கழுத்துப்பட்டி உக்காந்திருக்கறதைப் பாருங்க, தெரியும்."

வெயிட்டரையே கூப்பிட்டு நிற்கவைத்துவிட்டோம். நான் கையைத் தூக்கச் சொன்னேன், மாஸ்டர் திரும்பச் சொன்னார். அந்த ஆள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொம்மை மாதிரி சுற்றினார். பேச்சு அங்கிருந்து பள்ளிக்கூட ஆர்டருக்குப் போயிற்று. பாவாடை மடிப்பு எத்தனை வைப்பது, இந்தத் தடவை துணி சுருங்குமா, சின்னவளுக்கு வெளிச்சம் போதாமல் கண் வலிக்கிறதே, அவள் ஸ்டூலுக்கு மேல் ஒரு விளக்குப் போட வேண்டும் என்று எங்கெங்கோ போயிற்று. விளக்கைப் பற்றி ஆரம்பித்தது மாஸ்டர். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. என்ன பார்க்க வந்தேன் என்பதும் மறந்துவிட்டது.

"போலாமாக்கா?" என்றார் மாஸ்டர். "கடையில அவங்க தனியா இருப்பாங்க."

எழுந்துவிட்டார். அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். கிளாஸில் பாதி இருந்தது.

"இது?" என்றேன்.

"போதுங்க்கா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அந்தச் சொல்லைக் கிளாஸ் மேல் கை வைப்பவள்தான் சொல்வாள். கிளாஸை வைத்திருப்பவர் சொல்லி என் காது கேட்டதே இல்லை.

"நான் பாக்கறேன்னு நடிக்கறீங்களா மாஸ்டர்?"

"இல்லக்கா. பேசிட்டே இருந்ததுல சூடாயிடுச்சு. சூடானா நல்லா இருக்காது." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், ஆறின டீயைப் பற்றிச் சொல்வது போல.

நான் விடவில்லை. வெயிட்டரைக் கூப்பிட்டு, "இவர் எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டேன்.

வெயிட்டர் மாஸ்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இவரை எனக்கு அவ்வளவா பழக்கமில்லைங்க மேடம். எப்பவாவதுதான் வருவார் போல" என்றார்.

மாமா இருமினார்.

மாஸ்டர் காசு கொடுக்க முன்னால் போனார். நான் பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மாமா எழுந்திருக்கவில்லை. அவர் கை மேசைமேல் மெதுவாக நகர்ந்து அந்தப் பாதிக் கிளாஸைப் பிடித்திருந்தது. "வீணாப் போகுதேம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். விரல்கள் கிளாஸைச் சுற்றிப் பிடித்த விதத்தைப் பார்த்தேன். அந்தப் பிடி எனக்குத் தெரியும். வாசலில் நின்று குடியைத் திட்டினவரும், உள்ளே உட்கார்ந்து குடித்தவரும் ஒரே மாதிரிதான் கிளாஸைப் பிடித்திருக்கிறார்கள்.

நான் யோசிக்கவில்லை. கையைக் கிளாஸ் மேல் வைத்தேன். "போதும் மாமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் கையை எடுத்து ஓரமாக வைக்கவில்லை. தன் கையைத்தான் எடுத்துக்கொண்டார்.

"எங்க அக்கா கை மாதிரியே இருக்கும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. தட்டிலிருந்து இரண்டு பெப்பர்மிண்ட் எடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்தார். வெளியே வந்து, சந்து வழியாகப் போகாமல், வெளிச்சமான பெரிய தெரு வழியாகவே நடந்தோம். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். சாயங்கால நேரத்தில் வரச் சொன்னேன். ஏன் சாயங்காலம் என்று அவர் கேட்கவில்லை, சரி என்றார்.

கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் உள்ளே வராமல் வாசலில் ஷட்டரின் பூட்டை ஏதோ பழுது பார்ப்பது போல நோண்டிக்கொண்டு நின்றுவிட்டார். மாமாவும் அவரோடு சேர்ந்து பூட்டைப் பார்த்தார். சின்னவள் ஒரு பள்ளிக்கூடச் சட்டையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

ஊசி துணிக்குள் போய் வெளியே வந்தது. "என்ன?" என்றாள்.

ஏழெட்டு விதமாகச் சொல்ல யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "மிச்சம் வெச்சாருடி" என்றேன்.

ஊசி நின்றது. தலை நிமிர்ந்தது. "மிச்சமா?"

"பாதிக் கிளாஸ். அப்படியே வெச்சுட்டு எழுந்துட்டார்."

நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தைத் தேடிப் பார்த்தாள். வேறு யாராவதாக இருந்தால், அதனால் என்ன என்று கேட்டிருப்பார்கள். அவளுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாதியா?" என்றாள் மறுபடி.

"பாதிடி. நீ பக்கத்துல உக்காந்து எண்ணறதுக்கு அங்க வேலையே இல்ல."

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, கையிலிருந்த சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அடியே, நாளைக்கு டெலிவரி குடுக்கற சட்டைடி அது" என்று பிடுங்கப் போனேன். எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேருமாக அந்தச் சட்டையைப் பாழாக்கினோம்.

சத்தம் கேட்டு மாஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சுக்கா?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். மாப்பிள்ளைக் கோட்டு ஒண்ணு ஆர்டர் வந்திருக்கு. நாளைக்கே கட்டிங் போட்டுடுங்க."

"அளவு எடுத்தாச்சா?" என்றார். கடைக்குள் வந்தால் அந்த மனுஷனுக்கு வேறு நினைப்பே கிடையாது.

"இல்ல" என்றாள் சின்னவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து, ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்தாள். "வாங்க, நான் எடுக்கறேன்."